46 கிலோவில் எதை ஏற்றுவது? பிள்ளைகளுக்கு ஊர்ச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு

பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ சிட்னிக்கோ கிளம்புகிற அப்பா அம்மாவின் பெட்டியில் துணிமணி கால்வாசி, மீதி முக்கால்வாசி சாப்பாட்டுச் சாமான். அமெரிக்கப் பயணத்துக்குப் பல விமானங்களில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு கிடைக்கும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதைவிடக் குறைவு. எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பட்டியலில் அடிக்க வேண்டியதை அடித்துவிடுவது நல்லது.

முதலில் அடிக்க வேண்டியவை துவரம்பருப்பு, உளுந்து, கடுகு, வெந்தயம், புளி, ரவை. நியூ ஜெர்சியின் எடிசனில், லண்டனின் ஈஸ்ட் ஹாமில், சிட்னியின் ஹாரிஸ் பார்க்கில், சிங்கப்பூரின் தேக்காவில் இவை எல்லாம் கடை கடையாக இருக்கின்றன. இந்தியக் கடை இல்லாத சின்ன ஊராக இருந்தாலும் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். அங்கே இல்லாதது உங்கள் வீட்டுக் குழம்புப் பொடியின் அளவு, உங்கள் மாடியில் காய்ந்த சுண்டைக்காய் வத்தல், உங்கள் கைப்பக்குவத்துப் புளிக்காய்ச்சல். 2 கிலோ பருப்பைத் தூக்குகிற இடத்தில் 2 கிலோ குழம்புப் பொடி போகும். வருடத்தில் பாதி நாள் அந்த வீட்டுக் குழம்பு நம் வீட்டுக் குழம்பாக இருக்கும். கடையில் கிடைப்பதற்குப் பெட்டியில் இடம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி, கெட்டுப்போகாமல் கொண்டுசேர்ப்பது. இதில் ஈரமும் காற்றும்தான் பகை. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், புளித்துப் பொங்கும். காற்றுப் பட்டால் எண்ணெய் உள்ள பண்டம் சிக்கு வாடை அடிக்கும். எதைச் செய்தாலும் இதில் ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குழம்புப் பொடிக்கு ஆளுக்கு ஓர் அளவு உண்டு. பரவலாகப் புழங்குகிற ஒன்று: மல்லி 1 கிலோ, மிளகாய் வற்றல் அரை கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 100 கிராம் வீதம், சீரகம் 100, மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25 கிராம். காரம், நிறம் உங்கள் வீட்டு வழக்கப்படி. ஊருக்குப் போகிற பொடிக்கு மட்டும் இரண்டு காரியம் கூடுதலாகச் செய்ய வேண்டும். சாமானை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகும், பருப்பையும் மல்லியையும் வெந்தயத்தையும் வாணலியில் வறுத்தே போடுங்கள். பொடியில் வண்டு வருவது பெரும்பாலும் பருப்பு, மல்லி வழியாகத்தான். சூடு பட்டால் உள்ளே இருக்கிற முட்டை பிழைக்காது. இரண்டாவது, மில்லிலிருந்து வந்த பொடி கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து பொடியிலேயே சொட்டும். மேலே கட்டி கட்டியாகத் திரள்வதும், ஒரு மாதத்தில் பச்சைப் பூசணம் தெரிவதும் இதனால்தான். பெரிய தாம்பாளத்தில் அல்லது சுத்தமான வேட்டியில் பரப்பி, காற்றாடியை நேராக விடாமல், நாலைந்து மணி நேரம் ஆறவிட்டு, சலித்து, அப்புறம்தான் கட்ட வேண்டும். மில்லில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்பதும் அவசியம். கேழ்வரகோ கோதுமையோ ஓடிய மெஷினில் மிளகாயைக் கொட்டினால் முதல் இரண்டு கைப்பிடி அந்த மாவோடு கலந்தே வரும். அதைத் தனியாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பொடி வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு தடவைக் குழம்புக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் சுமார். வாரத்தில் நாலு நாள் சமைத்தால் 60 கிராம், 6 மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. அதற்கு மேல் எடுத்துப்போனால் கெடாது, ஆனால் 6 மாதம் தாண்டினால் மல்லி வாசனை போய் வெறும் காரம்தான் நிற்கும். ஆசைக்காக 5 கிலோ அரைப்பதை விட ஒன்றரைக் கிலோ எடுத்துக்கொண்டு, மிச்ச எடையை வேறு எதற்காவது விடுங்கள்.

இட்லிப் பொடியில் சூட்சுமம் எள்ளிலும் உப்பிலும் இருக்கிறது. கறுப்பு உளுந்து 1 கப், கடலைப்பருப்பு அரை கப், எள் கால் கப், மிளகாய் 15 முதல் 20, கட்டிப் பெருங்காயம் புளியங்கொட்டை அளவு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். உளுந்து சிவக்கிற நேரத்தில் எள் கருகிவிடும். எள் வெடித்து அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அரைக்கும்போது எள்ளைக் கடைசியில் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு சுற்றுதான். ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து பொடி ஈரமாக ஒட்டும். அப்படி எண்ணெய் கசிந்த பொடிதான் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கல்லுப்பைச் சூடான வாணலியில் சடசடவென்ற சத்தம் நிற்கும்வரை வறுத்துப் போடுங்கள். வறுக்காத உப்பு தன் ஈரத்தைப் பொடிக்குக் கொடுக்கும். பெருங்காயத்தைப் பொரித்து, நடுவில் வெள்ளையாக மாவு இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். பூண்டு போட்ட பொடி சுவைதான், ஆனால் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் எடுங்கள். கறிவேப்பிலைப் பொடிக்கு இலையைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, வெறும் வாணலியில் கையால் கசக்கினால் தூளாகும்வரை வறுக்க வேண்டும். இலை துவண்டு மடிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

புளிக்காய்ச்சல் பலருக்குப் போகிற வழியிலேயே பொங்கி வழிவதற்குக் காரணம் அது முந்தின நாள் ராத்திரி செய்யப்பட்டது என்பதுதான். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே செய்துவிடுங்கள். பழைய புளி 250 கிராம், வெந்நீர் முக்கால் லிட்டரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்தது, நல்லெண்ணெய் 200 மில்லி, மிளகாய் 25, உப்பு 60 முதல் 70 கிராம், மஞ்சள் தூள், பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் 2 தேக்கரண்டி, சுண்டு விரல் நுனியளவு வெல்லம். அடிகனமான அகன்ற பாத்திரத்தில் நிதானமான தீயில் முக்கால் மணி நேரமாவது ஆகும். பக்குவம் கடிகாரத்தில் தெரியாது. முதலில் சின்னச் சின்ன நுரையாகக் கொதிக்கும். பிறகு நுரை அடங்கி, பெரிய குமிழ்கள் ஒவ்வொன்றாகத் தடித்து எழும்பி வெடிக்கும், அடுப்பைச் சுற்றித் தெறிக்கும். அப்போது கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாதை மூடாமல் ஒரு நொடி அப்படியே நிற்கும். ஓரத்தில் எண்ணெய் சிவப்பாக விலகி நிற்கும். அதுவரை இறக்க வேண்டாம். ஆறியதும் மூடி, இரண்டு நாள் வெளியிலேயே வைத்துப் பாருங்கள். மேலே குமிழ் எழுந்தாலோ, புளித்த கள் வாடை வந்தாலோ தண்ணீர் மிச்சம் இருக்கிறது. திரும்ப அடுப்பில் ஏற்றிச் சுண்டவைத்தால் சரியாகிவிடும். வேர்க்கடலையை இதில் போட வேண்டாம், ஊறிச் சவசவத்துவிடும். வறுத்த கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டினால் சாதம் கலக்கும்போது சேர்த்துக்கொள்வார்கள்.

தக்காளித் தொக்கு, மாங்காய்த் தொக்கு, வத்தக்குழம்புத் தொக்கு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். தேங்காய் அரைத்து விட்ட எதுவும் வேண்டாம்.

ஊறுகாயில் மாவடுவின் இடம் தனி, தொல்லையும் தனி. மாசி, பங்குனியில் வடு வரும்போது போட்டு வைத்தால்தான் ஆனி, ஆடியில் போகிறவர்கள் எடுத்துப்போக முடியும். ஆனால் அதில் பாதி எடை உப்புத் தண்ணீர். வடுவை வடித்து, அடியில் நிற்கிற விழுதோடு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் 1 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு ஊற்றினால் போதும், அப்புறம் குளிர்பெட்டி. ஆவக்காய்க்கும் அப்படித்தான்: மேலே மிதக்கிற எண்ணெயை இங்கேயே வடித்துவிட்டு, அங்கே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற்றி ஊற்றிக்கொள்ளலாம். எடையும் மிச்சம், பெட்டியும் தப்பும். பயணத்துக்கென்றே பிறந்தது உப்பு நாரத்தங்காய். எண்ணெய் இல்லை, நீர் இல்லை, வருடக் கணக்கில் கெடாது. தயிர் சாதத்துக்கு ஏங்குகிற பிள்ளைக்கு இது ஒரு பொட்டலம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வத்தல், வடாம் சித்திரை வெயிலின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் மழைக்கால ஈரத்தை நினைவில் வைத்து, கட்டுவதற்கு முன் கிடைக்கிற வெயிலில் ஒருமுறை திரும்பக் காட்ட வேண்டும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், மோர் மிளகாய் எதுவானாலும் கையில் எடுத்து உடைத்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். மோர் மிளகாய் வெளியே சருகாகத் தெரியும், காம்படியில் ஈரம் தங்கியிருக்கும்; காம்போரமாகக் கிள்ளிப் பாருங்கள். வடாமில் நீளமாகப் பிழிந்தது உடைந்து தூளாகும். கிள்ளு வடாம், ஜவ்வரிசி வடாம் கெட்டியானவை, கொஞ்ச இடத்தில் அடங்கும். பச்சையாகத்தான் எடுத்துப்போக வேண்டும். பொரித்து எடுத்துப்போனால் காற்றைத்தான் சுமக்கிறோம்.

பலகாரத்துக்கு எடையை விட இடம்தான் அதிகம் போகும். முறுக்கு, தட்டை, சீடை செய்யும்போது புது எண்ணெயில் பொரியுங்கள். ஏற்கெனவே ஒருதரம் காய்ந்த எண்ணெயில் பொரித்தது இரண்டே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். அதிரசத்தை எண்ணெய் போக நன்றாக அழுத்தி எடுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். பாகு இளகலாக இருந்தால் நடுவில் பூசணம் கட்டும். முறுக்கை வாக்குவம் கவரில் அடைத்தால் நொறுங்கிவிடும். அதற்குத் தகர டப்பாவோ கெட்டி பிளாஸ்டிக் டப்பாவோதான் சரி, இடைவெளியில் டிஷ்யூ காகிதம் செருகி அசையாமல் செய்ய வேண்டும். தட்டையைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி அடுக்கினால் குறைவாக உடையும். கோவில்பட்டி கடலை மிட்டாய் எந்தப் பயணத்தையும் தாங்கும். திருநெல்வேலி அல்வா கிளம்புகிற அன்று வாங்கினால் சமாளிக்கும். தூத்துக்குடி மக்ரூனைக் கைப்பையில் வைத்து, போன உடனே சாப்பிட்டுவிட வேண்டும்; காற்று ஈரம் பட்டால் மெத்தென்று ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நீண்ட பயணத்துக்கு எடுக்காமலிருப்பதே நல்லது. கெடுவது ஒரு காரணம், அடுத்தது சட்டம்.

சட்டம் என்றதும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், மறைத்துக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு “ஆம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால், கூடாத பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம்: நியூசிலாந்தில் உடனடியாக 400 டாலர், அமெரிக்காவில் 10,000 டாலர் வரை போக இடமுண்டு.

அமெரிக்காவுக்கு அரிசி கூடாது. கப்ரா வண்டு என்கிற தானிய வண்டு இருக்கிற நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதற்குத் தடை. அந்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும் என்பதே காரணம். பழம், காய், விதைக்கிற விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் இந்தியாவிலிருந்து வரும் இறைச்சி, பால் பொருள்களை விடுவதில்லை. நெய், பால்கோவா இரண்டும் அதில் அடக்கம். ஆஸ்திரேலியாவில் பர்பி, பேடா, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்புகளைப் பறித்துக்கொள்வார்கள். நியூசிலாந்தில் தேன் கூடவே கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போட்ட பிறகு அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பலரும் கவனிக்காதது கசகசா. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. நம் ஊரில் மளிகைச் சாமானாக இருப்பது அங்கே சிறைக்கு இழுத்துக்கொண்டு போகும். தனியாகக் கசகசா கொண்டுபோக மாட்டோம்தான், ஆனால் குருமாப் பொடி, பிரியாணி மசாலா அரைக்கும்போது ஒரு கரண்டி போட்டிருப்போம். துபாய், சிங்கப்பூர் போகிற பெட்டிக்கு அரைக்கிற மசாலாவில் கசகசா இல்லாமல் அரையுங்கள். வேண்டுமானால் முந்திரி போட்டுக்கொள்ளலாம்.

விமானத்துக்குள்ளேயும் விதி உண்டு. கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களின் வகையில் வருவதால் இந்திய விமான நிலையங்களில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் செல்லாது. அமெரிக்கா போகிற விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், தெளிவாகவில்லை என்றால் விடமாட்டார்கள். ஆகப் பொடியும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்கு, முறுக்கும் மிட்டாயும் கைப்பைக்கு.

கட்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலை உச்சியில் இருப்பதற்குச் சமம், பெட்டிகள் இருக்கும் கீழ்த்தளத்திலும் அதே அழுத்தம்தான். டப்பாவுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். விரிகிற காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு திருகுமூடியின் மரை வழியாக வெளியே வரும். “இறுக்கித்தானே மூடினோம்” என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். வழி என்னவென்றால் உள்ளே காற்றைக் குறைப்பது. கழுத்துக்கு ஒரு விரல் கீழே வரை கெட்டியாக நிரப்பி, வாயில் இரண்டு சுற்று கிளிங் ஃபிலிம் போட்டு, அதன்மேல் மூடியைத் திருகி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு ஜிப்லாக் கவருக்குள் காற்றைப் பிதுக்கி அடைத்து, அதை இன்னொரு கவரில் போட்டு, துண்டில் சுருட்டுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். எவர்சில்வர் தூக்கும் வேண்டாம், அதன் மூடி இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. பொடிகளுக்கு வாக்குவம் கவர் அருமை. இல்லாவிட்டால் தடித்த கவரில் போட்டு, காற்றை முழுக்கப் பிதுக்கிவிட்டு ஒட்டுங்கள். ஒரே 2 கிலோ பொட்டலமாக இல்லாமல் 250 கிராம் வீதம் கட்டினால் ஒன்று கிழிந்தாலும் மற்றது தப்பும், அங்கே திறந்து பயன்படுத்தவும் வசதி.

ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் பெயரும், என்னென்ன சேர்ந்தது என்பதும் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத சிவப்புப் பொடியைப் பார்த்து அதிகாரி கேட்டால், ஆங்கிலம் தடுமாறுகிற அம்மாவுக்கு அந்தச் சீட்டே பதில். உணவு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பதும் நல்லது. திறக்கச் சொன்னால் ஒன்றைத் திறந்தால் போதும். கனமான பொடி சக்கரத்துப் பக்கம், ஊறுகாய் நடுவில் துணிகளுக்கிடையே, வத்தல் வடாம் மேலே. 23 கிலோ என்றால் வீட்டுத் தராசில் 22 கிலோவோடு நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போவதில்லை. அங்கே வரிசையில் நின்றுகொண்டு ஊறுகாயைக் கையில் எடுத்துத் தவிப்பது எந்த அம்மாவுக்கும் வரக்கூடாத நிலை.

மகளின் பிரசவத்துக்குப் போகிறவர்களின் பெட்டி வேறு. அங்கே தாய்க்குப் பத்தியச் சாப்பாடு வேண்டும், அதற்குத் தேவையானது எடையில் குறைவு. சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்து வறுத்து அரைத்த அங்காயப் பொடி கால் கிலோ, கண்டந்திப்பிலியும் அரிசித் திப்பிலியும் 50 கிராம் வீதம், சுக்குத் தூள் 100 கிராம், ஓமம் 100 கிராம், உடைத்துத் தூளாக்கிய கருப்பட்டி அரை கிலோ. பிரசவ லேகியத்தைக் கிண்டி எடுத்துப்போவதை விட, மருந்துச் சாமானை வறுத்துப் பொடித்து எடுத்துப்போய், அங்கே வெல்லமும் நெய்யும் வாங்கிக் கிண்டுவது பத்திரம். பெயர் தெரியாத கறுப்பு விழுதை விட லேபிள் ஒட்டிய மிளகு சுக்குப் பொடியை விளக்குவது சுலபம். தாய்ப்பால் கொடுக்கும்போது எந்த மருந்துச் சாமான், எவ்வளவு என்பதை மகளின் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்கிக்கொள்கிற பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பெட்டியைத் திறந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்கான பொடியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் போடுங்கள். அங்கிருந்து எடுக்கும்போது பொட்டலத்தை உடனே பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். குளிர்ந்த பொடியில் வெளிக்காற்று பட்டால் நீர் கோத்துக் கட்டியாகும். தொக்கு, புளிக்காய்ச்சல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில். ஈரக் கரண்டி, சாதம் ஒட்டின கரண்டி உள்ளே போகக் கூடாது. முறுக்கு நமத்துப்போனால் 120 டிகிரி ஓவனில் எட்டு, பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை வந்துவிட்டதென்றால் எந்தச் சூட்டுக்கும் போகாது, அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். எது முதலில் தீர்ந்தது, எது அப்படியே கிடக்கிறது என்று மூன்று மாதம் கழித்து அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கிடக்கிறது என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று மறைத்தால், அடுத்த தடவையும் அதே 2 கிலோ வரும், வேண்டியதற்கு இடமிருக்காது.